அப்பா தளர்த்திய நான்கு கம்பிகள்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை நான்கு கம்பிகளைத் தளர்த்தியது. சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து, அதன் மேல் உகுலேலேயைப் படுக்க வைத்திருந்தார். நான் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அரைக் கிலோ எடையுள்ள சின்ன கிட்டார் அது; எங்கும் ஓடிவிடாது. ஆனால் அப்பா வேலை செய்யும்போது பக்கத்தில் யாராவது எதையாவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். டார்ச், ஏணி, வாளி, சுவரோடு சேர்த்து அலமாரி என்று நான் நடக்கத் தொடங்கியதிலிருந்து பிடித்துவருகிறேன்.

"விடப்போறேன்," என்றார்.

"விடுங்க."

"கால் சுத்து."

"பார்த்துட்டேன்."

"டியூனர் என்ன காட்டுது?"

"இன்னும் இறங்கணும்."

"இறங்கணும்னு எனக்கும் தெரியும். எவ்வளவுன்னு சொல்லு."

எதைத் திருகினாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், கேட்பவர் பதில் சொல்ல வேண்டும். லிஃப்ட் கூண்டைக் கையால் நகர்த்தும்போது மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் அப்படித்தான் குரல் கொடுத்துக்கொள்வார்கள். அப்பா முப்பத்தெட்டு ஆண்டுகள் லிஃப்ட் மெக்கானிக். அந்தப் பழக்கத்தை உப்பு டப்பா திறப்பதற்கும் கடைப்பிடித்தார்.

ஒவ்வொரு கம்பியையும் தளர்த்தியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். மருத்துவமனையில் ஊசி போடும்போது சிலர் பார்ப்பதைப்போல.

காரணம் உண்டு. லிஃப்ட் கூண்டு ஐந்தாறு எஃகுக் கயிறுகளில் தொங்குகிறது. எல்லாவற்றிலும் இழுவை ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று தளர்ந்தால் அதன் பங்கை மற்றவை சுமக்கும். சுமப்பவை சீக்கிரம் தேயும். கயிறு தளர்ந்ததும் லிஃப்டை நிறுத்துவதற்கென்றே சில இடங்களில் தனி ஸ்விட்ச் வைத்திருப்பார்கள். அப்பாவுக்கு அந்த ஸ்விட்ச் மண்டைக்குள் இருந்தது. எங்கள் வீட்டில் துணி காயப்போடும் கயிற்றைச் சுண்டினால் சுருதியோடு ஒலிக்கும். விருந்தாளிகளின் ஷூ லேஸ் தளர்ந்திருந்தால் அவருக்கு அவர்கள் சொல்லும் எதுவும் காதில் விழாது.

வேலை செய்த இடத்தில் அவர் பெயர் லெவல். லிஃப்ட் வந்து நிற்கும்போது அதன் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். பத்து மில்லிமீட்டர் வரை ஏற்றத்தாழ்வு இருக்கலாம் என்று நிறுவனம் அனுமதித்தது. அப்பா மூன்றுக்கு மேல் அனுமதிக்கவில்லை. முதல் வருடம் அது கேலிப்பெயர். ஐந்தாவது வருடம் "லெவலைக் கூப்பிடு" என்பது பழுது பார்க்கும் முறைகளில் ஒன்றாகிவிட்டது. அம்மா கோபமாக இருக்கும்போது மட்டும் அந்தப் பெயரைச் சொல்வார்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் உகுலேலேயைப் பற்றிச் சொல்ல முடியாது. அம்மா ஒரு மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் அறையில் வேலை பார்த்தார். நோயாளிகளின் கோப்புகளை அடுக்கி, கேட்டால் எடுத்துக் கொடுக்கும் வேலை. அங்கே ஊழியர்களின் பாடகர் குழு ஒன்று இருந்தது. மருந்தகத்தில் வேலை செய்யும் மருந்தாளர் பெண் ஒருவர்தான் தலைவர். அவரே பாட்டு எழுதுவார், அவரே மெட்டுப் போடுவார், மற்றவர்கள் பாட வேண்டும். அம்மா பதினாறு ஆண்டுகள் பாடினார். பிறகு கழுத்தில் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. குரல் மாறலாம் என்று முன்பே சொல்லித்தான் செய்தார்கள், மாறியது. பேச்சு கொஞ்சம் கரகரப்பானது. மேல் சுரங்கள் போயின. அம்மா குழுவுக்குப் போவதை நிறுத்தினார். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. ஓய்வு பெறும் வயது நெருங்கியிருந்ததால் ஓய்வும் பெற்றுக்கொண்டார்.

குரல் பயிற்சி தரும் பெண், தினமும் பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு ஏதாவது மெட்டை முனகச் சொன்னார். செய்தால் குரல் ஓரளவு திரும்பும், செய்யாவிட்டால் இருப்பதும் இறுகும் என்றார். அம்மா செய்யவில்லை. இரண்டு வருடம் செய்யவில்லை. போனில்கூடச் சுருக்கமாகப் பேசப் பழகிவிட்டார்.

ஒருநாள் ஆய்வகத்துக்கு அப்பா போன் செய்தார். பாலங்களுக்கு அடியில் வைக்கும் ரப்பர் தாங்கிகளை அமுக்கிச் சோதிப்பது என் வேலை. வேலை நேரத்தில் அவர் கூப்பிடமாட்டார்.

"பாப்பா, ஒரு வாத்தியம் வாங்கணும். கத்துக்கச் சுலபமா இருக்கணும். ஆனா ரொம்ப மோசமா வாசிக்க முடியணும்."

"எல்லா வாத்தியத்தையும் மோசமா வாசிக்கலாம்பா. யாருக்கு?"

"எனக்கு."

"எதுக்கு?"

"உங்க அம்மா வாயைத் திறக்கக் கூச்சப்படுறா. வீட்ல இருக்குற சத்தத்துலயே அவ சத்தம்தான் மோசம்னு நினைக்கிறா. அவளைவிட மோசமா ஒரு சத்தம் தினமும் வந்துச்சுன்னா, கூச்சம் தன்னால இறங்கிடும்."

"அம்மாகிட்டயே சொல்லலாமே?"

"சொன்னா செய்வாளா? உனக்கு அவளை எத்தனை வருஷமாத் தெரியும்?"

எனக்கு முப்பத்தாறு வருடமாகத் தெரியும். அவருக்கு நாற்பத்தொன்று. நான் விவாதிக்கவில்லை.

வயலின் மோசமாக வாசிக்க மிகவும் ஏற்றது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள் என்றேன். இரண்டு நாள் கழித்து அவரே உகுலேலேயோடு வந்தார். வாத்தியக் கடை நடத்தும் பெண் அதைச் சிபாரிசு செய்திருந்தார். நான்கு கம்பிகள், நைலான், விரல் கிழியாது, சனிக்கிழமைகளில் அவரே சொல்லித் தருவார். அப்பா கேட்ட ஒரே கேள்வி, கம்பி அறுந்தால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்பது.

முதல் வகுப்பில் கற்றுக்கொண்டவை: வலது முன்கையால் உடலை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பது. இடது கையால் கழுத்தைத் தாங்குவது, நெரிக்கக் கூடாது. ஆள்காட்டி விரலின் நகத்தால் மேலிருந்து கீழே மீட்டுவது. நான்குவரை எண்ணுவது. சி என்ற கார்ட். கார்ட் என்றால் சில சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது. உகுலேலேயில் சி-க்கு ஒரே விரல் போதும். மோதிர விரலால் கடைசிக் கம்பியை மூன்றாவது கட்டத்தில் அழுத்தினால் முடிந்தது. உலகத்திலேயே சுலபமான கார்ட் என்று கடைக்காரப் பெண் சொல்லியிருந்தார்.

அப்பா வீட்டுக்கு வந்து, வாத்தியத்தைக் கையில் எடுத்ததும் கட்டைவிரலால் ஒவ்வொரு கம்பியையும் அமுக்கிப் பார்த்திருக்கிறார். நான்கும் நான்கு விதமாக இருந்தன. ஒன்று விறைப்பு, ஒன்று தொய்வு. முகம் மாறிவிட்டதாம். மீன் நிறுக்கும் சுருள்வில் தராசு ஒன்று அவரிடம் உண்டு. கம்பியின் நடுவில் அதன் கொக்கியை மாட்டி ஐந்து மில்லிமீட்டர் பக்கவாட்டில் இழுத்து, அதற்கு எத்தனை கிராம் ஆகிறது என்று பார்த்து, இழுவையைக் கணக்கிட்டார். பிறகு நான்கு கம்பிகளையும் ஒரே இழுவைக்குக் கொண்டுவந்தார். கணக்கை எனக்குப் போனில் படித்துக் காட்டினார். நான் சரிபார்த்தேன். சரியாக இருந்தது. ஒரு தசமப் புள்ளியை மட்டும் திருத்தினேன்.

அந்த வாரம் முழுக்க, மாலை நான்கு மணியிலிருந்து ஐந்து வரை, அவர் சி வாசித்தார். நான் சனிக்கிழமை போனபோது அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"இது அப்படித்தான் கேக்கணுமா?"

"புதுசுல அப்படித்தான் இருக்கும்மா."

"தகர ஷெட்ல பூனை மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. உன் அப்பாவுக்கு என்ன ஆச்சு? ஏதாவது சொன்னாரா உன்கிட்ட?"

"பொழுதுபோக்குன்னு சொன்னாரு."

"யாருக்கு?"

அன்று அப்பாவோடு வகுப்புக்குப் போனேன். கடைக்காரப் பெண் உகுலேலேயை வாங்கி ஒருமுறை மீட்டினார். உடனே உள்ளங்கையால் கம்பிகளை மூடிச் சத்தத்தை நிறுத்தினார்.

"யார் சார் இதைத் தொட்டது?"

"நான்தான். நீங்க கொடுக்கும்போதே ஒவ்வொண்ணும் ஒரு இழுவையில இருந்துது. சரி பண்ணிட்டேன்."

"சரி பண்ணிட்டீங்க."

"இப்ப நாலும் ஒரே அளவு. என் பொண்ணு செக் பண்ணிட்டா. இன்ஜினியர்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய கிட்டார்களைப் பார்த்தேன்.

"நீங்க என்ன வேலை பார்த்தீங்க சார்?"

"லிஃப்ட்."

"சரி. இதுல யாரும் ஏறப்போறதில்ல. இழுவையை மறந்துடுங்க. சத்தத்தை மட்டும் பாருங்க."

உகுலேலேயின் தலைப்பகுதியில் கவ்விக்கொள்ளும் சின்ன டியூனர் ஒன்றைக் கொடுத்தார். கம்பியைச் சுண்டினால் எந்தச் சுரம் என்று திரையில் எழுத்து வரும். சரியாக இருந்தால் பச்சை. நான்கு கம்பிகளுக்கும் நான்கு எழுத்துகள்: ஜி, சி, இ, ஏ. ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு தடிமன், ஒவ்வொரு சுரம். ஆகவே இழுவை சமமாக இருக்காது, இருக்கவும் கூடாது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு முதல் நாளே புரியும் விஷயம் என்றார். சுருதி என்று ஒன்று உண்டு என்பது எங்கள் இருவருக்கும் ஒரு வாரம் தோன்றவே இல்லை. இந்தத் தவறைச் செய்ய எங்கள் வீட்டில் மட்டும்தான் ஆள் இருந்திருக்கும். அதுவும் இரண்டு பேர்.

அப்பா அதை ஏற்றுக்கொண்டார். பிடித்துப்போய் அல்ல. "அவங்க லைன் வேற," என்றார் வீட்டுக்கு நடக்கும்போது. புதுக் கம்பி சில நாட்களுக்கு நீண்டுகொண்டே இருக்கும், அடிக்கடி முறுக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னது மட்டும் அவருக்கு ஆறுதலாக இருந்தது. லிஃப்ட் கயிறும் புதிதில் நீளும்.

அதன்பிறகு வேலை முறையாக நடந்தது. பழுதுப் புத்தகம் ஒன்று போட்டார். தேதி, பழுது, காரணம், நடவடிக்கை என்று நான்கு கட்டங்கள். அதில் உள்ளவற்றை அப்படியே தருகிறேன்:

"எஃப் கார்டில் மூன்றாவது கம்பி ஊமை. காரணம்: நடுவிரல் சாய்கிறது. நடவடிக்கை: நடுவிரல்."

"சி-யிலிருந்து எஃப்புக்கு மாறத் தாமதம். நிமிடத்துக்கு ஆறு முறை. காரணம்: பார்த்துக்கொண்டே மாறுவது. நடவடிக்கை: பார்க்காமல் மாறுவது. நிமிடத்துக்கு நான்கு முறை."

"ஜி ஏழு. மூன்று விரல். காரணம்: மூன்று விரல்."

"மீட்டும்போது கால் தாளம் போடுகிறது, கை வேறு தாளம் போடுகிறது. காரணம் தெரியவில்லை. தொடர்ந்து கவனிக்கவும்."

சி, எஃப், ஜி ஏழு. இந்த மூன்று கார்டுகள் தெரிந்தால் பாதிப் பாட்டுகளை வாசித்துவிடலாம் என்று கடைக்காரப் பெண் சொல்லியிருந்தார். அப்பாவுக்குப் பாதி வேண்டாம், ஒன்று போதும். மருத்துவமனை ஊழியர் தினத்துக்காக மருந்தாளர் எழுதிய பாட்டு. பதினாறு ஆண்டுகள் அம்மா அதைத்தான் வீட்டில் துணி மடிக்கும்போதும் பாடினார். அப்பாவுக்கு மெட்டு தெரியும், வார்த்தைகள் சரியாகத் தெரியாது. எந்த இடத்தில் எந்தக் கார்ட் என்று கடைக்காரப் பெண்ணிடம் முனகிக் காட்டி எழுதி வாங்கிக்கொண்டார். அவர் முனகியதை வைத்து அந்தப் பெண் கண்டுபிடித்ததுதான் அந்தக் கடையில் நடந்த பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

தினமும் நான்கு மணிக்கு அம்மா தேநீர் போடும்போது, சமையலறைக் கதவிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து அதே பாட்டைத் தவறாக வாசித்தார். வேண்டுமென்றே தவறாக வாசிக்கும் திட்டம் முதலில் இருந்தது. தேவைப்படவில்லை.

அந்தப் பாட்டைத் தொடங்கிய பதினோராவது வாரம், ஒரு வியாழக்கிழமை. பழுதுப் புத்தகத்தில் தேதி இருக்கிறது. எஃப்புக்கு மாற வேண்டிய இடத்தில் அப்பா சி-யிலேயே நின்றிருக்கிறார். முந்தைய எழுபது நாளும் அதே இடத்தில்தான் நின்றார். அன்று சமையலறையிலிருந்து அம்மா, "ஐயோ, அங்க இல்லங்க, அது இப்படிப் போகும்," என்று சொல்லிவிட்டு அந்த அடியை முனகிக் காட்டினார். பிறகு குழாயைத் திறந்துவிட்டார்.

அப்பா வீட்டுக்கு வெளியே போய், தெருமுனையிலிருந்து எனக்குப் போன் செய்தார்.

"வந்துச்சு."

"என்னப்பா வந்துச்சு?"

"மூணு செகண்ட். கீழ இருந்து வந்துச்சு. பழைய இடத்துல இல்ல. ஆனா வந்துச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரிம்மான்னேன். வேற என்ன சொல்றது? பெரிசு பண்ணா திரும்ப மூடிக்குவா."

புத்தகத்தில் அன்றைய வரி: "இயக்கம் காணப்பட்டது."

அடுத்த இரண்டு வாரம் அம்மா திருத்திக்கொண்டே இருந்தார். திருத்த வேண்டிய இடங்களுக்குப் பஞ்சமில்லை. மூன்று வினாடி பத்தானது, ஓர் அடி இரண்டானது. கையைத் துடைத்துக்கொண்டு கதவருகே வந்து நிற்பது வரை வந்தார். பிறகு ஒருநாள் முதல் பத்தியை வார்த்தைகளோடு தொடங்கினார். மூன்றாவது அடியில் மெட்டு மேலே ஏறும். குரல் ஏறவில்லை. காற்று மட்டும் வந்தது. அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான்கு நாள் தேநீர் நேரத்தில் கதவு சாத்தியே இருந்தது.

இந்தப் பழுதுக்குக் காரணம் அப்பாவுக்கே புரிந்தது. அவர் வாசித்த உயரம் அம்மாவின் பழைய குரலுக்கானது. புதுக் குரல் கீழே இருக்கிறது. பாட்டை மொத்தமாக இறக்க வேண்டும். எவ்வளவு என்றுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. அம்மா திருத்திய நாட்களில் உப்பு டப்பாவுக்குப் பின்னால் போனை வைத்து, சுரம் காட்டும் செயலியை ஓடவிட்டிருக்கிறார்.

"மூணு படி இறங்கணும்," என்றார் என்னிடம். "எப்படி?"

"ரெண்டு வழிதான்பா. ஒண்ணு, வேற கார்ட் கத்துக்கணும். ஏ, டி, இ ஏழு. இல்லன்னா கம்பிகளை மூணு படி தளர்த்திட்டு, தெரிஞ்ச கார்டையே வாசிக்கலாம்."

"தளர்த்தினா இழுவை எவ்வளவு குறையும்?"

"நூத்துக்கு இருபத்தொன்பது."

மறுமுனையில் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"இருபத்தொன்பதா?"

"ஒண்ணும் ஆகாதுப்பா. கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும், அவ்வளவுதான்."

"தொளதொளன்னு இருக்கும், அவ்வளவுதான்," என்று என் குரலிலேயே சொல்லிக்காட்டினார். "உங்க பாலத்தையெல்லாம் இப்படித்தான் டெஸ்ட் பண்றீங்களா இன்ஜினியரம்மா? நான் வேற கார்டே கத்துக்குறேன்."

ஏ இரண்டு விரல். அது வந்துவிட்டது. இ ஏழு வந்துவிட்டது. டி வரவில்லை. டி-க்கு மூன்று விரல்களையும் ஒரே கட்டத்துக்குள், ஒன்றின் தோளில் ஒன்று இடிக்க நிறுத்த வேண்டும். அந்தக் கட்டத்தின் அகலம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. அப்பாவின் மூன்று விரல்களை ஒட்டி வைத்து நான் அளந்தேன்: ஐந்தரை. கடைக்காரப் பெண் ஒரே விரலைப் படுக்க வைத்து அழுத்தச் சொன்னார். அப்பாவின் நடுவிரல் ஒரு முறை லிஃப்ட் கதவில் சிக்கி, நுனி மூட்டு வளைந்தே நின்றுவிட்ட விரல்; படுக்கவும் படுக்காது. ஆனாலும் ஐந்து வாரம் முயன்றார். புத்தகத்தில் ஐந்து வாரமும் ஒரே வரி: "டி. நான்கு வினாடி."

அம்மா கதவைத் திறந்திருந்தார். பாட்டு கீழே இறங்கிவிட்டது என்பது அவர் காதுக்குத் தெரிந்துவிட்டது. யாருக்காக இறங்கியது என்பதும் அப்போது தெரிந்திருக்க வேண்டும். எதுவும் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கதவருகே வந்து நின்று, ஏ-யில் தொடங்கி இரண்டு அடி பாடினார். டி வர வேண்டிய இடம் வந்தது. அப்பா விரல்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மா அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தபடி காத்திருந்தார். நான்கு வினாடி. டி வந்தபோது அம்மா வாயை மூடிக்கொண்டு, "பால் பொங்குது," என்று சொல்லி உள்ளே போனார்.

பால் அடுப்பிலேயே இல்லை என்று அப்பா அன்று மாலை என்னிடம் சொன்னார்.

"வாயைத் திறந்துட்டு நின்னா பாப்பா. நான் கட்டத்துல விரலைத் தேடிட்டு இருக்கேன். ரெண்டு மாடிக்கு நடுவுல ஒரு ஆளை அப்படி நிறுத்தி வைக்கலாமா? நாளைக்கு வா. தளர்த்திடலாம்."

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை.

நான்காவது கம்பியும் இறங்கி டியூனரில் பச்சை விழுந்ததும், கட்டைவிரலால் நான்கையும் ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். வெந்த நூடுல்ஸைத் தொடுவதுபோல் தொட்டார்.

"இதை வேலைக்கு விட்டுட்டு நான் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கேன்னு யாராவது கேட்டா..."

"யாரும் கேக்க மாட்டாங்கப்பா."

"உனக்குத் தெரியாது. எங்க ஆளுங்க இன்னும் நாலு பேரு உயிரோட இருக்காங்க."

மறுநாள் ஞாயிறு. நான் தங்கியிருந்தேன். நான்கு மணிக்கு அப்பா நாற்காலியைப் போட்டார். நான் மேசையில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டேன். அப்பா பழைய விரல்களால் சி வாசித்தார். சத்தம் கீழே, கொஞ்சம் தளர்வாக, மெத்தைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. எஃப்புக்குச் சரியான நேரத்தில் மாறினார். அந்த மாற்றத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அம்மா கதவில் சாய்ந்துகொண்டு முதல் பத்தியைப் பாடினார். "விளக்கணைத்த பின்னாலும் விழித்திருப்போர் நாங்கள்" என்று தொடங்கும். இரவுப் பணியைப் பற்றியது. மூன்றாவது அடியில் மெட்டு ஏறியது. குரல் கரகரவென்று ஏறி, அங்கே நின்று, இறங்கியது. பத்தி முடிந்தது. ஒரு நிமிடம் பத்து வினாடி. நான் அளந்தேன்; வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்பா நிறுத்தவில்லை. சி-யையே மீட்டிக்கொண்டு அடுத்த பத்திக்காகக் காத்திருந்தார்.

"போதும் நிறுத்துங்க," என்றார் அம்மா. "ரெண்டாவது மறந்துபோச்சு."

"எப்படி மறக்கும்? பதினாறு வருஷம்."

"அதுல எல்லா டிபார்ட்மென்ட்டும் வரிசையா வரும். லாண்டரி, சமையல், எக்ஸ்ரே, ஆம்புலன்ஸ்... எங்க ரெக்கார்ட்ஸும் வரும். எங்க வரும்னுதான் தெரியல."

"நெட்ல தேடுறேன்மா," என்றேன்.

"அது நெட்ல எப்படி இருக்கும்? அவ எழுதினது. மருந்தகத்துல அவ நோட்டுல இருக்கும்."

"அப்ப அவங்களுக்கு ஒரு போன் போடு," என்றார் அப்பா.

"நான் போட மாட்டேன். ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை பேசல. இப்பப் போயி பாட்டுக் கொடுன்னு கேட்டா, பாடுறியான்னு கேப்பா. உடனே குழுவுக்கு வான்னு சொல்லுவா."

"நான் போய்க் கேக்கவா?"

அம்மா யோசித்தார். "போன்ல வேணாம். நேர்ல போங்க. ஆனா எனக்குன்னு சொல்லாதீங்க."

"பின்ன யாருக்குன்னு சொல்றது?"

"உங்களுக்குன்னு சொல்லுங்க."

"எனக்கு எதுக்கு?"

"பாடக் கத்துக்குறேன்னு சொல்லுங்க. இவ்வளவு பண்ணிட்டீங்க, அதைச் சொல்றதுக்கு என்ன?"

இவ்வளவு பண்ணிட்டீங்க என்றபோது அம்மா உகுலேலேயைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். அப்பா டியூனரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது.

"புதன்கிழமை போறேன்," என்றார். "திங்கள், செவ்வாய் கூட்டமா இருக்கும்."

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதுக்குப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்தார். இதயம். பக்கத்தில் நின்ற தையல்காரர் ஆம்புலன்ஸை அழைத்தார். அது ஏழு நிமிடத்தில் வந்தது. யாரும் எதையும் தாமதமாகச் செய்யவில்லை. நான் விசாரித்துவிட்டேன்.

துக்கம் விசாரிக்க மருந்தாளர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அம்மா இரண்டாவது பத்தியைப் பற்றிக் கேட்கவில்லை. அது கேட்கிற நேரம் இல்லை. அப்பா இருந்திருந்தால் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆறு வாரம் ஆகிறது. போன சனிக்கிழமை தேநீர் கொதித்துக்கொண்டிருந்தபோது அம்மா அடுப்பைப் பார்த்தபடியே கேட்டார்:

"அவர் போகலதானே அங்க?"

"இல்லம்மா. புதன்னு சொல்லியிருந்தாரு."

"ம்."

தேநீரை வடிகட்டினார். இரண்டு டம்ளர்தான் எடுத்து வைத்திருந்தார்.

"நீ போனா யாருக்குன்னு சொல்லுவ?"

"எனக்குன்னு சொல்றேன்."

"உனக்கா? கைதட்டச் சொன்னாக்கூட உனக்குத் தாளம் தப்பும். அவ நம்ப மாட்டா."

"அப்பாவை மட்டும் நம்பியிருப்பாங்களா?"

"அவரை நம்பியிருப்பா," என்றார் அம்மா. "அவர் மூஞ்சி அப்படி."

மருந்தகத்துக்கு நான் இன்னும் போகவில்லை. போன புதன் ஆய்வகத்தில் ஒரு தாங்கி விரிசல் விட்டது, நான் இருக்க வேண்டியிருந்தது. அது உண்மையான காரணம் இல்லை. இன்று செவ்வாய். இரண்டாவது பத்தியில் ரெக்கார்ட்ஸ், எக்ஸ்ரேக்கு முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று எங்களுக்குத் தெரியாது.